யாரும் கேட்காத நூற்றுப் பன்னிரண்டு கிராம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்கு மேல் கை போகாது. நான் எட்டாவது வரை படித்தவன், எழுத்து வராததால்தான் நிற்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த அம்மாவைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். பயம் அதற்குத்தான். இன்றைக்கு முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். எங்கள் பக்கம் வழக்கப்படி நான் அவரை அம்மிணி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். அவிநாசிபாளையத்தில் ஒற்றை அறைக் கடை. வெள்ளை ஸ்கூட்டரில் வருவார். லேப்டாப்பைச் சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

அவர் தொழிலை நான் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். இரண்டு மெஷின்கள் ஒயர் வழியாகப் பேசிக்கொள்வதை நடுவில் உட்கார்ந்து கேட்பதுதான் அவர் வேலை.

திருப்பூரில் பனியன் கம்பெனியானாலும் சாயப்பட்டறையானாலும் இப்போது தராசு கம்ப்யூட்டரோடு பேசுகிறது, மீட்டர் பேசுகிறது, பாய்லர்கூடப் பேசுகிறது. ஒரு நாள் பேச்சு தப்பிப்போகும். தராசுக்காரரைக் கூப்பிட்டால் கம்ப்யூட்டரில் கோளாறு என்பார். கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டால் தராசில் கோளாறு என்பார். இரண்டு பேரும் கைவிட்ட பிறகு அம்மிணிக்குப் போன் போகும்.

அவரிடம் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே அதைக் கோத்துவிடுவார். மாட்டுவதற்கு முன்னால், யார் பக்கத்தில் நின்றாலும் சரி, பெட்டியைத் திறந்து காட்டிவிடுவார்.

"பாத்துக்குங்க. இதுல பேசற ஒயரே இல்லீங்க. வெட்டி எடுத்துட்டேன். கேக்கற ஒயரு ரெண்டுதான்."

"ஏனுங் அம்மிணி வெட்டணும்? சும்மா கெடந்துட்டுப் போகுது" என்று ஒருமுறை கேட்டேன்.

"நடுவுல உக்காந்திருக்கற என்ற பொட்டி தெரியாத்தனமா ஒரு வார்த்தை பேசிருச்சுன்னு வைங்க. அப்புறம் தப்பு யாரோடதுன்னு சாமிக்கே தெரியாதுங்ணா."

லேப்டாப் திரையில் இரண்டு பத்தி ஓடும். கம்ப்யூட்டர் சொன்னது சிவப்பு, தராசு சொன்னது நீலம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மணி, நிமிடம், நொடி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். சிவப்பில் ஒரு கேள்வி, நீலத்தில் ஒரு பதில். அம்மிணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணிக்கணக்காக வாயே திறக்க மாட்டார்.

பக்கத்து நிட்டிங் யூனிட்டில் புதிதாகத் தராசு வைத்தபோது தராசுக்காரரும் கம்ப்யூட்டர்காரரும் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்களாம். அம்மிணி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டீங்களா? இனி மெஷினு ரெண்டும் பேசட்டுமுங்க" என்று பெட்டியை மாட்டினாராம். கொஞ்ச நேரத்தில் சொன்னாராம்: "ரெண்டு மேலயும் குத்தமில்லீங்க. இது வேகமாப் பேசுது, அது மெதுவாக் கேக்குது. ஒரே வேகத்துல வெச்சாச் சரியாப் போயிரும்."

தராசுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஊட்டுலயும் இதே கோளாறுதானுங்க. அங்க வந்து மாட்ட முடியுங்களா?" என்றாராம். சண்டை போட்ட இருவரும் சிரித்துக்கொண்டு ஒரே வண்டியில் டீ குடிக்கப் போனார்களாம்.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். "அவன் உங்களைப் பத்தி ஒரு மாதிரிப் பேசறானுங்க" என்று யாராவது ஆரம்பித்தால், "அவரு சொன்ன வார்த்தை என்னங்க? அத மட்டும் சொல்லுங்க, உங்க வார்த்தை வேண்டாம்" என்பார். வந்தவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு மருமகள் கதையை எடுத்தாள். அம்மிணி நிமிர்ந்து, "நீங்க பக்கத்துல இருந்து கேட்டீங்களாக்கா?" என்றார். கோபமே இல்லை, பச்சைக் குழந்தை கேட்பதுபோலக் கேட்டார். என் மனைவி பேச்சை விட்டுவிட்டு இன்னொரு கரண்டி பொரியல் வைத்தாள். அவர் போன பிறகு, "நல்ல பொம்பளைதானுங்க. ஆனா மறுக்காக் கூப்பிட்டீங்கன்னா நான் வாயக் கட்டிட்டுத்தான் பரிமாறோணும்" என்றாள்.

எனக்கும் அந்தக் குணம்மேல் பெரிய மரியாதை இருந்தது. அது என் பக்கம் திரும்பும் வரைக்கும்.

நான் ஒரு சாயப்பட்டறையில் கலர் ரூம் மேஸ்திரியாக இருந்தேன். துணிக்குப் போகிற சாயப் பவுடரை எடை போட்டுக் கொடுக்கிற அறை அது. எடை போடுகிறவர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். குடியிருந்தது பட்டறைக்குச் சொந்தமான லைன் வீட்டில். வேலை போனால் வீடும் போய்விடும்.

தராசுக்குச் சொந்தமாக ஒரு சின்ன டிஸ்பிளே உண்டு. சாயத்தூள் படாமல் இருக்கப் பாலித்தீன் கவர் சுற்றி, அந்தக் கவர் கறுத்து, ஒன்றும் தெரியாது. எல்லோரும் சுவரில் இருந்த கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்ப்போம். அந்தோணி தூளைப் போட்டுவிட்டு ஒரு கீயை அமுத்துவார். கம்ப்யூட்டர் தராசிடம் எடை கேட்கும். தராசு சொல்லும். நம்பர் திரையில் வரும். பத்தவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு மறுபடி அமுத்துவார்.

புதுக் கம்ப்யூட்டர் வந்த கொஞ்ச நாளில் ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை காலையில் சாயத்துக்குப் போடுகிற துணி லாட் மட்டும் நிறம் கூடிக் கருத்து வந்தது. மத்தியானத்துக்கு மேல் சரியாக இருக்கும். மற்ற நாளெல்லாம் சரியாக இருக்கும். ஐந்து வாரம் தொடர்ந்து இப்படி. ஆர்டர் கொடுத்த பையர் துணியைத் திருப்பிவிட்டார்.

அந்தோணி என்னிடம் வந்து சொன்னார். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழம காலைல ஸ்க்ரீன் ஏதோ பிந்தி வருதுல்லா. ஒருக்கா பாருங்களேன்."

"ஸ்க்ரீன் கெடக்குது, நீ தடுமாறாம நின்னாச் சரி" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏனென்றால் அந்தோணி வியாழக்கிழமை சாயங்காலம் எங்கேயோ போவார், வெள்ளிக்கிழமை கண் சிவந்து வருவார். முதலாளியிடம் சொன்னதும் நானேதான். "வெசாலக்கெழமயானா ஆளக் காணமுங்க. வெள்ளிக்கெழம கண்ணு செவந்து வர்றான். கை நெதானமில்லீங்க." குடிக்கிறான் என்கிற வார்த்தையை நான் சொல்லவில்லை. அதை முதலாளியே போட்டுக்கொள்ளும்படி சொன்னேன்.

முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது அந்தோணி அழவில்லை. "நான் குடிக்க மாட்டேன், மொதலாளி. வியாழக்கிழம ஜெபத்துக்குல்லா போறேன், வந்து படுக்க நேரமாயிருது. ஒரு தடவ மெஷினப் பாக்கச் சொல்லுங்க. பொறவு நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்" என்றார். முதலாளி ஒரு வாரம் தவணை கொடுத்தார். அப்படித்தான் அம்மிணி எங்கள் கலர் ரூமுக்கு வந்தார்.

வந்த திங்கட்கிழமையே என் கண்டுபிடிப்பை அவரிடம் சொன்னேன். அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "சனிக்கெழம சம்பளம் போடற ஊருல, வெசாலக்கெழம குடிக்க அவருக்கு யாருங்ணா குடுக்கறாங்க?" என்றார். கலர் ரூமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பெட்டி அந்த வாரம் தராசுக்குப் பின்னால் தொங்கியது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரே வந்து உட்கார்ந்து, சுவர்த் திரையில் தெரிகிற நம்பரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அன்றைக்கும் இரண்டு லாட் கருத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முதலாளி, நான், அந்தோணி மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"தராசு சொன்ன எடை அத்தனையும் சரிங்க. அந்தோணியண்ணன் கையும் சரிங்க. ஆனா கம்ப்யூட்டரு காட்டறது இப்பக் கேட்டதுக்குப் பதிலு இல்லீங்க. போன தடவ கேட்டதுக்கு வந்த பதிலு."

முதலாளிக்குப் புரியவில்லை. அம்மிணி நோட்டையும் லேப்டாப் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இவரு தூளப் போட்டுட்டு அமுத்தறாரு. ஸ்க்ரீன்ல பழைய எடை நிக்குது. பத்தலையாட்ட இருக்குதுன்னு இன்னுங் கொஞ்சம் போடறாரு. கடைசில ஸ்க்ரீனு சரின்னு சொல்லும்போது டப்பாவுல ஒரு கை கூடக் கெடக்குதுங்க."

"அதெப்புடி ஒண்ணு பின்னால போகும்?" என்றார் முதலாளி.

"கம்ப்யூட்டரு கேக்கறதுக்கு முன்னாடியே தராசு ஒரு தடவ எடை சொல்லியிருக்குதுங்க. தராசுலயே எடைய அனுப்பற பட்டன் ஒண்ணு இருக்குது, அத யாரோ அமுத்தியிருக்கறாங்க. அந்தப் பதிலு வரிசைல மொத ஆளா நின்னுக்குச்சு. அப்புறம் வந்ததெல்லாம் ஒவ்வொரு ஆளு பின்னாடி. சோத்து நேரத்துல கம்ப்யூட்டர நிறுத்திப் போட்டா வரிசை கலைஞ்சுருது. அதனாலதான் மத்தியானத்துக்கு மேல சரியா வருது."

பிறகு திரையில் ஒரு நீல வரியைத் தொட்டார். அதற்கு மேலே சிவப்பு வரி இல்லை.

"காலைல எட்டு மணி பதினேழு நிமிஷம். யாரும் கேக்கல. நூத்திப் பன்னண்டு கிராம்னு தராசு சொல்லியிருக்குது. அந்த நேரத்துல தராசு மேல என்ன இருந்துச்சுன்னு யாருக்காச்சும் தெரியுங்களா?"

எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை முதல் எடை அம்மனுக்கு. இது என் தகப்பனார் கடை வைத்திருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். வேறு சரக்கு ஏறும் முன்னால் தராசில் வெற்றிலை வைத்து, மஞ்சள் கிழங்கும் எலுமிச்சம்பழமும் வைத்து, எடை பார்த்து, சூடம் காட்டுவோம். பட்டறையிலும் நான் அதை விடவில்லை. புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால், தராசில் அந்தப் பட்டனை அமுத்தினால் எடை அச்சடித்த சீட்டு வரும். அதைச் சாமி படத்துக்குக் கீழே செருகுவேன். புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் சீட்டு வருவது நின்றது. அமுத்துவதை நான் நிறுத்தவில்லை. சூடம் காட்டும்போது அந்தோணி மரியாதையாக வெளியே போய் நின்றுகொள்வார். மற்றவர்கள் எட்டரைக்கு மேல்தான் வருவார்கள். ஆகவே பார்த்தவர் யாரும் இல்லை.

அம்மிணி என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பூஜையால் துணி கெட்டது என்று பேசுவார்களே, சாமிக்குக் கெட்ட பெயர் வருமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் காப்பாற்றியது அம்மன் பெயரை அல்ல.

முதலாளிதான் பேசினார். "எட்டேகாலுக்கு இங்க வேற யாரு இருக்கறா? இவன்தான். காலைலயே போதைல எதையோ வெச்சு அமுத்தி வெளையாடியிருக்கறான்."

"அது லைன்ல இல்லீங்க" என்றார் அம்மிணி, பெட்டி ஒயரைத் தொட்டுக் காட்டி.

"என்னம்மா?"

"யாரு அமுத்துனாங்கன்னு லைன்ல இல்லீங்க. எடையும் நேரமுந்தான் இருக்குது. குடிச்சாருன்னும் அதுல இல்லீங்க."

"லைன்ல இல்லாட்டி என்ன, எனக்குத் தெரியுது."

அந்தோணி என்னைத்தான் பார்த்தார். எட்டேகாலுக்கு உள்ளே நான் பூஜையில் இருந்தது அவருக்குத் தெரியும்; ஆனாலும் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்த பார்வை. நான் தராசுக் கவரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். "ஆண்டவருக்குத் தெரியும், மொதலாளி" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். வேலை அன்றோடு போனது, ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டைக் காலி செய்தார்கள். சின்னக் குழந்தை ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மினி ஆட்டோவில் ஏறியது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட்பதற்கு முன்னால் மிச்சம் கிடக்கும் பழைய பதிலைக் கொட்டிவிடும்படி கம்ப்யூட்டரை அம்மிணி மாற்றிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை லாட் சுத்தமாக வந்தது. முதலாளி, "பாத்தீங்களா மேஸ்திரி, ஆளு போனதும் சரியாப் போச்சு" என்றார். அன்றைக்கு நான் சூடம் காட்டவில்லை. கை வரவில்லை.

மறுநாள் பஸ் ஏறி அவிநாசிபாளையம் போனேன். அம்மிணி கடையில் ஏதோ ஒரு சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கி ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அம்மிணி, அந்த நூத்திப் பன்னண்டு கிராமு…"

"மஞ்சளுங்க" என்றார். "தட்டு ஓரத்துல ஒட்டியிருந்துச்சு. சாமி படத்துக்குக் கீழ பழைய எடைச் சீட்டும் செருகியிருந்துச்சு. மொத நாளே பாத்தேன். என்னன்னு வெள்ளிக்கெழமதான் புரிஞ்சுது."

"அப்புறம் ஏனுங்க சொல்லல?"

பற்றவைக்கிற கம்பியை ஸ்டாண்டில் வைத்தார்.

"லைன்ல இல்லாதது ஒண்ணும் சொல்றதில்லைன்னு ஒரு வைராக்கியமுங்ணா. நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அத்தன நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு உக்காந்திருந்தனே, அது உங்களுக்காகத்தானுங்க."

நான் அழுதேன். ஐம்பது வயது ஆள், கடைவாசலில் நின்று அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு ஊட்டுக்குப் போயிச் சோறு எறங்கலீங்க. மெஷினுக்கு வெச்ச நாயத்த மனுசனுக்கு வெச்சுட்டேன். நான் பாத்தது மஞ்சளுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு ஊடு மிஞ்சியிருக்கும். தப்பு எனக்குமிருக்குதுங்க." கம்பியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "மொதல்ல அந்தோணியண்ணங்கிட்டச் சொல்லுங்க. அப்புறம் மொதலாளிகிட்ட" என்றார்.

நான் மாற்றிச் செய்தேன். முதலாளியிடம் முதலில் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உடுங்க மேஸ்திரி, போனவன் போயிட்டான். சாமி காரியம், வெளிய சொன்னா நல்லாருக்காது." எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. அந்தோணி சோமனூரில் தறிக்குப் போவதாக ஒருவர் சொன்னார். ஒரு மணி நேரப் பஸ். நான் போகவில்லை. இன்று போகலாம், பண்டிகை முடிந்து போகலாம் என்று இருந்து, விசாரித்தபோது அங்கேயும் இல்லை என்றார்கள்.

அம்மிணி அதற்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு வரவே இல்லை. முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டும், "வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாராம். ஆனால் அவர் மாறிவிட்டார் என்று ஒரு எலெக்ட்ரீஷியன் சொன்னார். பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில், ஒடிசாக்காரப் பையன் ஒருவன்மேல் பழி விழுந்ததாம். அம்மிணி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "இது லைன்ல இல்லீங்க. ஆனா என்ற கண்ணுல பாத்தேன், சொல்றேன்" என்று சூப்பர்வைசரைக் கை காட்டினாராம். அந்தக் கம்பெனி வேலை அம்மிணிக்குப் போய்விட்டதாம். போன வருடம் அவிநாசிபாளையத்தில் இறங்கிப் பார்த்தேன். கடை இருந்த இடத்தில் டெய்லர் இருக்கிறார். அந்த அம்மா ஓசூர் பக்கம் போய்விட்டார் என்றார்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்த ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக் குடிகாரன் ஒருவன் காலையில் தராசின்மேல் வாந்தி எடுத்து, மெஷினையே கெடுத்து, துணி லாட்டை நாசம் பண்ணினானாம். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாந்தியை யார் சேர்த்தார்களோ தெரியாது. கதை ஊர் முழுக்கச் சுற்றி, கை மாறி மாறிப் பெருத்திருக்கிறது. அன்றைக்கும் நான் இலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்து சாமி முன்னால் நின்றேன். விளக்கேற்றக் கூச்சமாக இருந்தது. இந்த நோட்டை எடுத்தேன்.

படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பட்டறையிலோ பஸ்ஸிலோ பந்தியிலோ அந்தக் குடிகாரன் கதை உங்கள் காதில் விழுந்தால், இதை எடுத்துச் சொல்லுங்கள். நான் எழுதியிருப்பதை எழுதியபடி சொல்லுங்கள். அம்மிணியைப் பெரிய ஆளாக்க வேண்டாம், அவர் பேசாமல் இருந்ததையும் விட வேண்டாம். அம்மன்மேல் பழி போட வேண்டாம். எனக்காக இரக்கப்பட்டு என் பங்கைக் குறைக்கவும் வேண்டாம். தெற்கே யாருக்காவது அந்தோணி இருக்கிற இடம் தெரிந்திருந்தால், அவருக்கும் அந்தப் பெண் குழந்தைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தோணி குடிக்கவில்லை. பட்டனை அமுத்தியது நான்.